கண்ணாடிக்குள்ள பன்னண்டாவது ஆளு

நிப்பாட்டுங்கண்ணே. அந்தப் பாட்ட நிப்பாட்டுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒண்ணர மாசமா எங்க போனாலும் அந்தச் சங்கு ஊதுற சத்தந்தான். டீக்கடையில இதே, பஞ்சர் கடையில இதே, ரேசன் வரிசையில இதே. சரி, பஸ்சுல ஏறுனாலாச்சும் தப்பிக்கலாம்னு ஒக்காந்தா, நீங்களும் அதத்தான் வச்சிருக்கீக.

இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. ஒங்க போனு, நீங்க பாக்குறீக. ராம்நாடு போறீகளா? நா மண்டபத்துல எறங்கிருவேன். அதுவரைக்கும்தான்... கொஞ்சம் காலத் தள்ளி வைங்கண்ணே, வாளி இடிக்குது. பாற மீன் கொழம்பு. மூடிய அமுக்கிப் புடிச்சுக்கிட்டேதான் வாரேன், இந்த டிரைவர் பிரேக் போடுற போட்டுக்கு.

என்ன, மூடியப் பாக்குறீக? அந்த ஆரஞ்சுக் குமிழா? அது வலையில கட்டுற மிதப்பு. பழைய குமிழ் ஒடஞ்சு போச்சுன்னு நாந்தான் சின்ன மிதப்பு ஒண்ண வச்சுப் பச்ச நைலான் நூலால முறுக்கி விட்டேன். எங்க வீட்டுக்காரி மொதல்ல திட்டுனா. அப்பறம் பாத்தா இதத் தவர வேற வாளியத் தொட மாட்டேங்கா. மண்டபத்துல அவ அண்ணன் வீட்டுக்கு எது கொண்டு போனாலும் இதுலதான் கொண்டு போவா. இப்ப அவளே அங்கன போய் ஒக்காந்துக்கிட்டா. வாளி மட்டும் எங்கிட்ட இருக்கு.

பன்னண்டு நாளாச்சுண்ணே.

எம்பேரு வேதநாயகம். தங்கச்சிமடம். சொந்தமா ஒரு விசைப்படகு இருக்கு. மீன்புடித் தடைக்காலம் நாளக் கழிச்சு முடியுது, தெரியும்ல? ரெண்டு மாசமாக் கரையில கெடந்த படகெல்லாம் கெளம்பப் போகுது. ஐஸ் சொல்லியாச்சு, டீசல் சொல்லியாச்சு, வல ஏத்தியாச்சு. ஆனா எம்படகு எறங்காது. ஏன்னு கேளுங்க. பதினெட்டு வருசமா, தடை முடிஞ்சு மொதத் தடவ போகும்போது, ஜோதிமேரிதான் அணியத்துல, அதான் படகு முன்பக்கம், மெழுகுதிரி ஏத்தி வைப்பா. அவ ஏத்துனாத்தான் நா இஞ்சினத் தொடுவேன். ஒரு வருசம் காய்ச்சலோட வந்து ஏத்துனா. அவளப் போயிக் கூப்புட ஆளு விட்டா, 'வேற எவளயாச்சும் வச்சு ஏத்திக்கிரச் சொல்லு'ங்குறா. ரெண்டு தடவ நானே போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே பேசுறா. இன்னைக்கு மூணாவது. இன்னைக்கு வரலைன்னா அவ்வளவுதான். நா கரையில நின்னு மத்தவன் படகுக்குக் கையாட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

எல்லாம் இந்தச் சங்குப் பாட்டால.

பாட்டக் கொற சொல்லலண்ணே. நல்ல பாட்டு. நா எறநூறு தடவ பாத்திருப்பேன். மெட்ராஸ்ல இருந்து ஒரு கூட்டம் வந்து நம்ம தீவுலயும் மண்டபத்துலயும் சுத்திச் சுத்தி எடுத்தாய்ங்க. பெரிய லைட்டு, அதுக்குப் புடிக்கிற கொடை, அதெல்லாம் கெடையாது. ஆளுக எதார்த்தமா இருக்கணும்னு போனையும் உள்ளங்கைக்குள்ள அடங்குற கேமராவையும் எங்கனயாச்சும் சாச்சு வச்சு எடுத்துட்டுப் போயிட்டாய்ங்க. யாரு எப்ப மாட்டுனான்னு மாட்டுனவனுக்கே தெரியாது. பாட்டு வெளிய வந்தது ஏப்ரல் கடைசியில. கடலுக்குப் போற நாளா இருந்தா எவன் பாக்கப் போறான்? சரியாத் தடைக்காலத்துல விட்டாய்ங்க. படகுக்குப் பெயிண்டு அடிச்சது, பலக மாத்துனது போக, மிச்சப் பொழுது பூரா சும்மா. அந்த நேரம் பாத்து அந்த டைரக்டர் ஒரு பேட்டி குடுக்குறான்: 'பாட்டுக்குள்ள பன்னண்டு சமாச்சாரம் ஒளிச்சு வச்சிருக்கேன். முடிஞ்சாக் கண்டுபிடிங்க.'

யார்ட்ட வந்து சொல்றான்? தண்ணிக்கு மேல நின்னுக்கிட்டு அடியில ஓடுற மீனு என்ன மீனுன்னு சொல்றவய்ங்கட்ட.

நீங்க எத்தன கண்டுபிடிச்சீக? ...ஒண்ணுமே இல்லையா? அடப் பாவமே. அப்பறம் எதுக்குப் பாக்குறீக? சும்மா பாட்டக் கேக்கவா? குடுங்க இங்கன. ஒரு நிமிசம். வாளியப் புடிங்க... ஆங், அப்படியே மடியில வச்சுக்கிருங்க, சூடெல்லாம் இல்ல.

ஒங்க போனு நல்லாப் பெருசா இருக்கே. பளிச்சுன்னு தெரியுது.

இங்க பாருங்க. தனுஷ்கோடி. இடிஞ்ச கட்டடத்துக்கு முன்னால சங்கு விக்கிற அம்மா இருக்காங்கல்ல? அது பாடுற பையனப் பெத்த அம்மா. எப்படிச் சொல்றேன்? சங்கு விக்கிறவுக யாரும் வாங்க வர்ற ஆள இவ்வளவு பாசமாப் பாக்க மாட்டாக. இது ஒண்ணு. இந்தா போகுது பாருங்க ஆடு, கழுத்துல பச்சப் பாசி போட்டுருக்கு. அந்தப் பையன் மொதப் பாட்டுல போட்டிருந்த பாசி அது. ஆட்டுக்குப் போட்டு விட்டுட்டான். இது ரெண்டு. இது நாங் கண்டுபிடிக்கல, எம் மக ஜோஸ்லின் கண்டுபிடிச்சா. ஆனா ஊருக்கு மொதல்ல சொன்னது நாந்தான்.

இன்னும் கொஞ்சம் தள்ளுறேன். சைக்கிள்ல மீன் பொட்டி கட்டிக்கிட்டுப் போறான் பாருங்க, தலையில துண்டோட. மியூசிக் போட்டவன். கையப் பாருங்க. தொட்டா வெளிச்சம் வர்ற வாட்சு. மீன் பொட்டிய இடது பக்கம் சாச்சுக் கட்டியிருக்கான், ரெண்டு தெரு போனா மீனும் அவனும் மண்ணுல. இதுக்கு நா கைதட்டலே வாங்கியிருக்கேன். அங்கன பாருங்க, படகு நம்பரு. அந்த மியூசிக் போட்டவன் பொறந்த தேதி. அது எம்படகுக்குப் பக்கத்துல கட்டியிருந்த படகு, நம்பர மாத்தி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், ஓரத்துல பிஞ்சு தொங்குது பாருங்க.

சிரிக்கிறீகளே. பாத்தீகளா, புடிச்சிருச்சு ஒங்களுக்கும். இது அப்படித்தாண்ணே, ஒண்ணு தெரிஞ்சா அடுத்தது தேடச் சொல்லும். ராத்திரி சாப்புட ஒக்காந்தாலும் போனத் தட்டுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டே திம்பேன். ஜோதிமேரி இந்தப் பாட்ட ஒரு தடவகூட முழுசாப் பாத்தது கெடையாது. 'ஒளிஞ்சு கெடக்குறதத் தேடிக் கண்டுபிடிக்கிற ஆளு, காலையில இருந்து அடுப்புல கேஸ் இல்ல, அதக் கண்டுபிடிச்சீகளா'ன்னு கேப்பா.

இப்படியே பதினொண்ணு சேந்துருச்சு. பன்னண்டாவது சிக்கல. ஊரே தேடுது, சிக்கல. நா என்ன செஞ்சேன்... எல்லாம் நாஞ் செஞ்சதுதான், வேற யாரச் சொல்ல? எங்க அன்பியத்துக்கு நாந்தான் தலைவரு. அன்பியம்னா எங்க தெரு முப்பது வீடும் சேந்து செபம் சொல்றது. ஃபாதர்ட்டப் போயி, சாமி, நம்ம மண்ணுல எடுத்த பாட்டு, கூட்டம் முடிஞ்சதும் ஹால்ல பெரிய திரையில போட்டா சனங்க சந்தோசப்படும்னு நச்சரிச்சேன். அவுகளும் சரின்னுட்டாக. பன்னண்டாவதக் கண்டுபிடிக்கிற ஆளுக்குத் தடை முடிஞ்சதும் எம்படகுல வர்ற மொத எறால்ல ரெண்டு கிலோன்னு நானே அறிவிச்சேன். ஹாலு நெறஞ்சு போச்சு. ஈஸ்டருக்குக்கூட அவ்வளவு கூட்டம் வரல. ஜோதிமேரியையும் நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி முன் வரிசையில ஒக்கார வச்சேன். எம் பெருமைய அவளும் பாக்கட்டுமேன்னு.

ஆ, பாம்பன் வந்துருச்சு. ஏறட்டும் ஏறட்டும். பாட்டிம்மா, அங்கன எடம் இருக்கு பாருங்க...

கம்ப்யூட்டரு பக்கத்துல ஆன்டோ, எம்படகு டிரைவரு. நா கையில நீளக் கம்போட திரைக்குப் பக்கத்துல, வாத்தியாரு மாதிரி. ஒவ்வொண்ணாக் காட்டிக்கிட்டே வாரேன். ஆடு வந்ததும் ஒரே கைதட்டு. அப்பறம் இந்த எடம். இருங்க, ஒங்களுக்கும் நிப்பாட்டுறேன். ரெண்டு நிமிசம் நாப்பத்தேழு செகண்டு. இந்தா.

மண்டபம் குருநாதன் கடை. இப்ப எறங்கப் போற ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல இருக்கு. கோழி வறுவல்னா அந்தக் கடைதான். இந்தா கை கழுவிட்டு நிக்கிறான்ல, இவந்தான் டைரக்டரு. பதினொண்ணாவது. எல்லாருக்கும் கம்பால தொட்டுக் காட்டுனேன். அப்ப ஆன்டோ சொல்றான், 'அண்ணே, அந்தாளு பின்னால மேசையில ஒரு ஆளு முதுகக் காட்டிக்கிட்டு இருக்கானே, அது நம்ம திருவிழாச் சட்டையில்ல?'

பாத்தா, ஆமா. போன வருசம் திருவிழாக்குப் பங்குல எல்லாருக்கும் ஒரே துணியில எடுத்த சட்டை. நூத்தம்பது பேர்ட்ட இருக்கு. நா விடுவேனா? 'அடடே, நம்ம ஊருக்காரன் எவனோ மாட்டியிருக்கான், யாருன்னு பாப்போம், எதுத்த செவுத்துக் கண்ணாடியில மூஞ்சி தெரியுது பாரு, பெருசாக்கு'ன்னேன். ஆன்டோ பெருசாக்குனான். மொதல்ல நெத்தி தெரிஞ்சுச்சு. நெத்தியில சாம்பல் சிலுவ.

ஒங்களுக்குத் தெரியாதுல்ல, சொல்றேன். விபூதிப் புதன்னு ஒண்ணு. ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாள் நோன்பு தொடங்குற நாளு. கோயில்ல சாமியார் நெத்தியில சாம்பல்ல சிலுவ போட்டு விடுவாக. வருசத்துல அந்த ஒரு நாளுதான் அந்த அடையாளம். அன்னைக்கு ஒரு நேரந்தான் சாப்பாடு. மீன் திங்கலாம், கறி கூடாது. நாங்க அதுக்கும் மேல, நாப்பது நாளும் ரெண்டு பேரும் கறி தொடுறதில்லன்னு அந்தோணியாருக்கு நேந்திருந்தோம். ஜோஸ்லின் நர்சிங் பரிச்சை எழுதுறா, அவ பாஸாகணும்னு. அன்பியக் கூட்டத்துலயே எந்திரிச்சு நின்னு சொன்னேன், 'நானும் எங்க வீட்டுலயும் நாப்பது நாளு'ன்னு. விபூதிப் புதன் ராத்திரி எனக்குக் கஞ்சிகூட வேண்டாம்னேன். அவளும் எனக்கும் வேண்டாம்னுட்டா. ரெண்டு பேரும் வெறும் வயித்தோட படுத்தாகன்னு ஃபாதர் அடுத்த ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல எங்கள எடுத்துக்காட்டாச் சொன்னாக.

இப்பத் திரையில ஒருத்தன் நெத்தியில சாம்பலோட ஒக்காந்து, கையில கோழிக் கால வச்சுக் கடிச்சுக்கிட்டு இருக்கான்.

நா விட்டேன் பாருங்க ஒரு பேச்சு. 'பாத்தீகளா, காலையில சாம்பலு, மத்தியானம் கோழி. தீவத் தாண்டிட்டா சாமிக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனப்பு. இவன் யாரா இருந்தாலும் சரி, வர்ற திருவிழாவுல சப்பரத்துல கை வைக்க விடக்கூடாது. ஏலே ஆன்டோ, இன்னும் பெருசாக்கு'ன்னேன். அவன் பெருசாக்காம என்னயவே பாக்குறான். 'என்னலே முழிக்கிற, பெருசாக்கு'ன்னேன்.

பெருசாக்கிட்டான்.

...ஆமாண்ணே. நாந்தான்.

எறநூறு தடவ பாத்திருக்கேண்ணே. எம் முதுகு எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிய நா ஒரு நாளும் பாக்கல, டைரக்டர் மேலயே கண்ணு. அன்னைக்கு இஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க மண்டபம் போனேன். குருநாதன் கடை வாசல்ல அந்த வறுவல் வாசன... கால் தானா உள்ள போயிருச்சு. பக்கத்து மேசையில தொப்பி போட்ட ஒருத்தன் புரோட்டாவப் பிச்சுக்கிட்டு இருந்தான். தண்ணிச் சொம்புல ஒரு போன் சாஞ்சிருந்துச்சு. யாரோ வச்சிட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன். தட்ட விட்டு நா நிமுந்தாத்தானே.

ஹாலே சிரிச்சுச்சு பாருங்க, ஃபாதர் செபப் புத்தகத்த எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டாக. நா திரையில கம்ப வச்சுக்கிட்டு நிக்கிறேன். 'அது... அது மீனு'ன்னேன்.

ஜோதிமேரி முன் வரிசையில இருந்து எந்திரிச்சா. மெதுவாத்தான் கேட்டா. 'ஏங்க, எந்த மீனுக்குக் காலு இருக்கு?'

செத்துப் போனேன். ஆன்டோ வேற, 'அண்ணே, பன்னண்டாவது நாந்தானே கண்டுபிடிச்சேன், எறால் உண்டுல்ல'ங்குறான்.

சரி, திட்டுவான்னு பாத்தா திட்டல. திரைய உத்து ஒரு பார்வ பாத்தா. ஒடனே, 'ஆன்டோ, ஆஃப் பண்ணு'ன்னா. அவன் சிரிச்சுக்கிட்டே இருந்தான். விறுவிறுன்னு போயி அவளே வயரப் புடுங்கிட்டா. வீட்டுக்கு வந்து, 'இனி அந்தப் பாட்டு இந்த வீட்டுல கேக்கக் கூடாது'ன்னா. எம் போன எடுத்து முந்தியில முடிஞ்சா. ஜோஸ்லின் போனுல இருந்ததையும் அழிக்கச் சொன்னா. விடிஞ்சதும் மண்டபம் பஸ்சு ஏறிட்டா. போனும் அவகூடப் போயிருச்சு.

அதான்ணே எனக்குப் புரியல. இத்தனைக்கும் மக பாஸாயிட்டா. நல்ல மார்க்கு. அந்தோணியாரே கண்டுக்காம விட்டத இவ ஏன் இப்படிப் புடிச்சுத் தொங்குறா? ஒரு கால்தானே? சரி, ரெண்டு. ரெண்டு காலுக்குப் பன்னண்டு நாளா?

பாலம் ஏறிருச்சு பாத்தீகளா. காத்து சாத்துது. வாளியக் கெட்டியாப் புடிச்சுக்கிருங்க.

அண்ணே, ஒரு ஒதவி. நீங்க வெளியாளு. நடுநெலையாச் சொல்லுங்க. இந்தக் கண்ணாடிய நல்லாப் பாருங்க. நா பெருசாக்குறேன். கையில இருக்குறது மீன் துண்டு மாதிரித் தெரியுதா இல்லையா? வஞ்சிரத் துண்டு முள்ளோட எடுத்தா இப்படித்தானே இருக்கும்? தெரியுதுன்னு சொன்னீகன்னா, மண்டபத்துல ஒரு அஞ்சு நிமிசம் எறங்கி, எங்க வீட்டுக்காரிட்ட நீங்களே ஒரு வார்த்த...

என்ன? எங்கன காட்டுறீக? என்னயப் பாக்கச் சொன்னா ஓரத்தக் காட்டுறீக. அது கடை வாசலு. பார்சல் வாங்குற எடம். கண்ணாடியில வாசலும் தெரியுது, ஆமா. யாரோ ஒரு பொம்பள, முக்காடு போட்டுக்கிட்டு. அதுக்கு என்ன?

வாளியா? ஒங்க மடியில இருக்குறது வாளிதாண்ணே. நாந்தான் குடுத்தேன். அதத் தொட்டுத் தொட்டுக் காட்டுறீகளே, அதுக்கும் இதுக்கும்...

குடுங்க. இன்னும் கொஞ்சம் பெருசாக்குறேன்.

ஆரஞ்சு மிதப்பு.

பச்ச நூலு.

...அண்ணே, கொஞ்சம் இருங்க. இது எங்க வாளிண்ணே.

அன்னைக்குக் காலையில அவ அண்ணனுக்குக் கூனி எறால் பொடி கொண்டு போறேன்னு இந்த வாளியத்தான் எடுத்துட்டுப் போனா. இங்க பாருங்க, நெத்தியில சாம்பலு, என்னய மாதிரியே. மூடியத் தெறந்து, உள்ள இருந்து ஒண்ண எடுத்து, வாயில... அடி ஜோதிமேரி. சூடு பொறுக்கல போல, ஊதி ஊதித் திங்கிறா. முக்காட்டப் பாருங்க, பூசைக்குப் போற முக்காடு. நா உள்ள, அவ வெளிய. பத்தடிகூட இருக்காது. நா நிமுரல, அவ திரும்பல. ராத்திரி ரெண்டு பேரும் கஞ்சி வேண்டாம்னு படுத்தோம். எம் பக்கத்துல படுத்துக்கிட்டு அவ ஒரு ஏப்பம் விட்டா, நா வெறும் வயித்து ஏப்பம்னு பாவப்பட்டேன்.

அதான் வயரப் புடுங்கியிருக்கா. ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டாண்ணே. நா எறநூறு தடவ பாத்தேன். அவ ஒரு தடவ.

அப்ப அது கோவம் இல்ல. பயம். பன்னண்டு நாளா எம் போன முந்தியில முடிஞ்சுக்கிட்டு, நா எப்பப் பாப்பனோ, எப்பக் கேப்பனோன்னு கதவுக்குப் பின்னால ஒக்காந்திருக்கா. பாவம்ணே. ரெண்டு தடவ போயி நாந் தப்பு, நாந் தப்புன்னு வேற சொல்லிட்டு வந்தேன். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அண்ணே, ஒங்களுக்கு அவ யாருன்னு தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். எறங்குனதும் யார்ட்டயாச்சும் சொல்லிறாதீக, அந்தப் பாட்டுக்குக் கீழ எழுதிக்கிட்டு இருக்காய்ங்கல்ல, அங்கனயும் எழுதிறாதீக. எனக்கே நாக்கு துறுதுறுங்குது. இந்த ஒண்ணர மாசத்துல நாங் கண்டுபிடிச்சு ஊருக்குச் சொல்லாதது ஒண்ணுகூடக் கெடையாது. ஆனா இது கணக்குல சேராது. பன்னண்டாவது நானாவே இருந்துட்டுப் போறேன். ஆன்டோவுக்கு எறால் குடுத்துருவோம்.

நாளக் கழிச்சு மெழுகுதிரி ஏத்த ஆள் வேணும்ணே. ஜெயிச்சு நா என்ன செய்யப் போறேன்?

மண்டபம் வந்துருச்சு. இந்தாங்க ஒங்க போனு. ஒரு கீறல் இல்லாம குடுத்துட்டேன், பாத்துக்கிருங்க. வாளியக் குடுங்க... கண்டக்டரே, ஆள் எறங்குது, விசிலடிச்சிறாதீக.

இல்லண்ணே, நேரா மச்சான் வீட்டுக்குப் போகல. மொதல்ல அந்தா தெரியுதுல்ல, குருநாதன் கடை. இந்த மீன் கொழம்ப அவன்ட்டயே ஊத்திக் குடுத்துட்டு, வாளிய நல்லாக் கழுவி, சுடச்சுட நாலு லெக் பீஸ் வாங்கி, இதே மூடியப் போட்டு அமுக்கி எடுத்துட்டுப் போறேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து 'என்ன அது'ன்னு கேப்பால்ல?

'மீனுதாண்டி, காலுள்ள மீனு'ம்பேன். தெறக்குறாளா இல்லையான்னு பாப்போம்.